கிசுகிசுவுக்கும் சாதி உண்டு

கிசுகிசுப் பத்திரிகைகளின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட சினிமாப் பத்திரிகைகளைக் காணோம். சலூன் பெஞ்சில் அட்டை கிழிந்து கிடந்தவையும் போய்விட்டன. 'அதெல்லாம் ஒரு காலம்' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒருபக்கம். 'சனியன் ஒழிஞ்சுது' என்கிற முற்போக்காளர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நின்றுபோனது அச்சு எந்திரம். தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது யாரை விற்றுப் பிழைத்த தொழில், அதில் நம் இயக்கங்களுக்கு என்ன பங்கு என்று பேசாமல் அதற்கு ஒப்பாரியும் வைக்க முடியாது, கருமாதியும் செய்ய முடியாது.

கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

தமிழில் இந்தத் தொழிலுக்கு முன்னோடி சி. என். லட்சுமிகாந்தன். மோசடி வழக்கில் தண்டனை அனுபவித்துவிட்டு வந்தவர். 1943இல் 'சினிமா தூது' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உலகப்போர்க் காலம் அது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு, பத்திரிகை நடத்த அரசு உரிமம் என்றிருந்த நாட்கள். அந்த நெருக்கடியிலும் 'சினிமா தூது' சக்கைப்போடு போட்டது. நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் சரக்கு. எழுதினால் விற்பனை. எழுதாமல் இருக்க, சம்பந்தப்பட்டவர்கள் கொடுக்கிற பணம். ரெண்டு பக்கமும் லாபம். எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் சளைக்கவில்லை. 'இந்துநேசன்' என்ற பத்திரிகையைக் கைக்கொண்டு அதே சரக்கை அதில் இறக்கினார். நடிகைகளோடு பெரிய மனிதர்களின் வீட்டுச் சங்கதிகளும் சேர்ந்துகொண்டன. பெயரைக் கவனியுங்கள். பெண்ணைத் தெருவில் நிறுத்தித் துகிலுரிகிற பத்திரிகைக்கு இந்துநேசன் என்று பெயர். இதைவிடப் பொருத்தமான பெயரை நாமே தேடி வைத்திருக்க முடியாது.

1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனை வழிமறித்துக் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் செத்துப்போனார்.  பாகவதர், கிருஷ்ணன், நாயுடு மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. கிருஷ்ணன் ஓரளவு எழுந்தார். பாகவதர் எழவே இல்லை. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது, பாகவதர் ஜெயிலில் கிடந்தார் என்று இன்றைக்கும் கண் கலங்குகிறார்கள்.

எண்பது வருஷமாகத் தமிழன் இந்தக் கதையைச் சொல்கிறான். புத்தகம் எழுதுகிறான், தொடர் எழுதுகிறான். அதில் ரெண்டு நடிகர் இருக்கிறார்கள், ஒரு பத்திரிகைக்காரர் இருக்கிறார், வக்கீல்களும் வெள்ளைக்கார நீதிபதிகளும் இருக்கிறார்கள். பத்திரிகையின் பக்கங்களில் வாராவாரம் அறுத்துப்போடப்பட்ட நடிகைகள் எங்கே? அவர்களில் எத்தனை பேருக்கு வாய்ப்புப் போனது, எத்தனை பேர் காசு கொடுத்தே ஓட்டாண்டி ஆனார்கள்? யாரும் கேட்கவில்லை. பாகவதர் இழந்தது புகழ். அது சோகம். நடிகை இழந்தது மானம். அது அவளுக்கு ஏற்கெனவே கிடையாது என்று முடிவு செய்துவிட்ட சமூகத்தில் அது ஒரு இழப்பாகவே கணக்கில் வராது. லட்சுமிகாந்தன் உட்கார்ந்திருந்த ரிக்‌ஷாவை மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு போன மனுசனுக்கே இந்தக் கதையில் பெயர் இல்லாதபோது இது ஆச்சரியமில்லைதான்.

ஏன் நடிகைக்கு மானம் கிடையாது? சாதிதான் காரணம், வேறென்ன? அன்றைக்குத் திரைக்கு வந்த பெண்களில் பலர் தேவதாசி மரபில் பிறந்தவர்கள். நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். 'நல்ல குடும்பத்துப் பெண்' கேமரா முன்னால் நிற்க மாட்டாள் என்பது அந்தக் காலத்துச் சட்டம். யார் வீட்டுப் பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும், யார் வீட்டுப் பெண்ணை ஊரே பார்க்கலாம் என்ற பிரிவினை சினிமா கண்டுபிடித்ததல்ல. கோயிலும் மிராசும் சேர்ந்து நூற்றாண்டுகளாக நடத்திவந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த மரபின் உள்ளிருந்தே வந்து 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதினார். 1947இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. பொட்டுக்கட்டுவது நின்றது. பார்க்கிற கண் நிற்கவில்லை. கோயில் மண்டபத்திலிருந்து அது சினிமாக் கொட்டகைக்கு வந்தது, அங்கிருந்து பத்திரிகைக்கு வந்தது.

இதிலிருந்து தப்பிக்க ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு வழி வைத்தார்கள். இசை வேளாளர் மரபில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி 1940இல் சதாசிவத்தை மணந்தார். சில வருஷத்தில் சினிமாவை விட்டார். பட்டுப்புடவை, வைரத்தோடு, பக்திப் பாட்டு என்று ஒரு பார்ப்பனக் குடும்பத்தலைவியின் தோற்றத்துக்குள் போனபிறகு வாய்கள் மூடிக்கொண்டன. அவருடைய குரலையோ உழைப்பையோ குறைத்துச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கலைஞருக்கே சாதி மாறின தோற்றம்தான் பாதுகாப்பு என்றால், அந்தக் கதவு திறக்காத மற்றவர்கள் கதி என்ன என்றுதான் கேட்கிறோம்.

அந்தக் கதவு பக்கமே போக முடியாதவர் ஒருவர் இருந்தார். பி. கே. ரோஸி. புலையர் பெண், புல் அறுத்துப் பிழைத்தவர். மலையாளத்தின் முதல் படமான ஜே. சி. டேனியலின் 'விகதகுமாரன்' படத்துக்குக் கதாநாயகி. ஏறக்குறைய 1930. படத்தில் அவர் நாயர் பெண்ணாக வந்தார். ஒரு புலைச்சி நாயர் பெண்ணின் உடுப்பை உடுத்துவதா, நாயர் பெண்ணாக நடப்பதா, சிரிப்பதா? கொட்டகையில் கல் விழுந்தது. அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிர் பிழைக்கத் தமிழ்ப் பக்கம் ஓடிவந்தவர் அப்புறம் நடிக்கவே இல்லை. தேவதாசி மரபுப் பெண்ணுக்குக் கிசுகிசு. தலித் பெண்ணுக்கு நெருப்பு. சாதிக்கு அளவுகோல் உண்டு தோழர்களே, தண்டனையிலும் அது படிநிலை பார்க்கும்.

லட்சுமிகாந்தன் கொலைக்குப் பிறகு இந்தத் தொழில் ஒழுக்கமாக உடை மாற்றிக்கொண்டது. மஞ்சள் பத்திரிகை என்று ஒதுக்கப்பட்ட சரக்கு மெல்ல மெல்லக் குடும்பப் பத்திரிகைக்குள் குடியேறியது. குமுதம் 1947இல் வந்தது, ராணி 1962இல் வந்தது, சினிமாவுக்கென்றே பொம்மை 1966இல் வந்தது. எல்லாவற்றையும் இந்துநேசனோடு சேர்த்து ஒரே தராசில் போடவில்லை. ராணியைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் நம் தெருக்களில் உண்டு. ஆனால் வாரப் பத்திரிகை உலகம் லட்சுமிகாந்தனிடமிருந்து ஒரு பாடம் கற்றது. பெயரைப் போடாதே. 'மூன்றெழுத்து நடிகை' என்று எழுது. 'மலையாளத்திலிருந்து வந்த பூ' என்று எழுது. வாசகர் தானே பெயரை நிரப்பிக்கொள்வார். வழக்கும் வராது, கத்தியும் வராது. எழுதியவன் கை சுத்தம்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. இந்துநேசன் காலத்தில் சரக்கு பெண், வாங்குகிறவன் ஆண். குடும்பப் பத்திரிகை வந்தபிறகு சரக்கும் பெண், வாடிக்கையாளரும் பெண். ஒரு பக்கத்தில் கோலம், மறுபக்கத்தில் வத்தக்குழம்பு, நடுப்பக்கத்தில் நடிகையின் மூன்றாவது காதல். வீட்டில் அடைபட்டுக் கிடக்கிற பெண்ணுக்கு அது பொழுதுபோக்கு என்றார்கள். பாடம் அது. 'இவளைப் பார், சம்பாதித்தாள், தனியாக இருந்தாள், இஷ்டப்பட்டவனோடு போனாள், கடைசியில் என்ன ஆனாள் பார். நீ அடுப்படியிலேயே இரு' என்ற பாடம். நடிகையை வைத்துக் குடும்பப் பெண்ணை மிரட்டினார்கள். குடும்பப் பெண்ணை வைத்து நடிகையை அவமானப்படுத்தினார்கள். ரெண்டு பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தபோது பத்திரிகை முதலாளி கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த ரெண்டு பேரிலும் சேராத ஒருத்தி இருந்தாள். வெயிலில் களை எடுத்தவள். அவள் அட்டைப்படத்தில் வந்ததில்லை. அவள் கறுப்பு, சிவப்பழகு கிரீம் விளம்பரத்தின் எதிரி. அவள் ஆக்கிய கருவாட்டுக் குழம்பு சமையல் குறிப்பில் இடம்பெறவில்லை. குடும்பப் பெண் என்றும் அவளை ஒத்துக்கொள்ளவில்லை, நட்சத்திரமாகவும் விடவில்லை. அவளைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால் அது போலீஸ் செய்தியாகத்தான் வந்தது. 1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியில் 12 தலித்துகள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். கடைத்தெருவில் ஒரு தலித் பெண்ணிடம் ஒருவன் தவறாக நடந்ததும் அதைத் தட்டிக் கேட்டதும்தான் தொடக்கம். நடிகை யாரோடு டீ குடித்தாள் என்று கண்டுபிடித்த பேனாக்களில் எத்தனை, அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று போய்க் கேட்டன?

பிறகு இந்தப் பத்திரிகைகளும் சரிந்தன. 1990களில் கேபிள் டி.வி. வந்தது. பிறகு மெகா சீரியல், அதன் பிறகு கைபேசி. நடிகையின் வீட்டு வாசலை ஒருவன் ஒளிந்திருந்து எட்டிப்பார்க்க வேண்டிய அவசியம் போய்விட்டது. சீமையிலும் இதே கதைதான். லண்டனில் 168 வருஷம் நடந்த 'நியூஸ் ஆப் தி வேர்ல்ட்' 2011 ஜூலையில் மூடப்பட்டது. கொலையுண்ட ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் தொலைபேசியைக்கூட ஒட்டுக்கேட்டார்கள் என்று அம்பலமானதுதான் காரணம். நாடே காறித் துப்பியது. அடுத்த பிப்ரவரியில் அதே முதலாளி ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பத்திரிகை கொண்டுவந்துவிட்டான். கடை மூடும். வியாபாரம் இடம் மாறும்.

நம் ஊரில் அது எங்கே இடம் மாறியது? மேடைக்கு, சாதிச் சங்கத்துக்கு, கைபேசிக் குழுவுக்கு. இதைப் புரிந்துகொள்ள அம்பேத்கரிடம் போக வேண்டும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் அவர் சாதியின் உயிர்நிலையைத் தொட்டுக் காட்டினார். அகமணம். சாதிக்குள்ளேயே மணமுடிக்கிற வரைக்கும்தான் சாதி சாதியாக இருக்கும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் பெண்ணைக் காவல் காக்க வேண்டும். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அந்தக் காவலின் கருவிகள் என்றார். அந்தக் கருவிகளுக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. அவை செய்த வேலையை இன்று செய்வது எது? ஊர்ப்பேச்சு. சம்பளம் வாங்காத, சீருடை போடாத, இருபத்து நாலு மணி நேரமும் தூங்காத சாதிப் போலீஸ்தான் கிசுகிசு.

கிளியனூரில் நின்று பார்த்தால் இது புரியும். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கிற ஊர். மல்லாட்டை பிடுங்கவும் நடவு நடவும் போன அம்மாக்களின் பெண்கள் இன்று பஸ் ஏறி ஒருபக்கம் திண்டிவனத்துக்குப் படிக்கப் போகிறார்கள், இன்னொரு பக்கம் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறார்கள். காலை பஸ்ஸில் போகிறவளைப் பற்றிப் பேச்சில்லை. ராத்திரி எட்டு மணி பஸ்ஸில் இறங்குகிறவளைப் பற்றித்தான் பேச்சு. "இன்னாடா, டெய்லி லேட்டா வருது?" "யார்கிட்டயோ போன்ல பேசிக்கினே வருது." இந்த ரெண்டு வார்த்தை போதும். மாசம் திரும்புவதற்குள் அந்தப் பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். கல்யாணம் என்று ஒன்றைச் செய்து தள்ளிவிடுவார்கள். அவள் கையில் வந்த சம்பளம் போனது, படிப்பு போனது. ஊர்த் தெருவில் இதைப் பேசினால் சாதித் திமிர் என்கிறோம். நம் காலனித் திண்ணையில் பேசினால் அதற்கு என்ன பெயர்?

இந்தக் கேள்வியை இயக்கத்தைப் பார்த்தும் கேட்டாக வேண்டும். 2005 செப்டம்பரில் நடிகை குஷ்பு, இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பில், திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். தமிழ்ப் பெண்களின் கற்புக்கு இழுக்கு வந்துவிட்டது என்று கிளம்பினார்கள். துடைப்பமும் செருப்பும் தூக்கினார்கள். ஊர் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். மேட்டூர் கோர்ட்டுக்கு வந்தவர் மேல் முட்டையும் தக்காளியும் பறந்தன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனை வழக்குகளையும் தள்ளியது. அந்தப் போராட்டத்தில் பாட்டாளி மக்கள் கட்சி இருந்தது. விடுதலைச் சிறுத்தைகளும் இருந்தார்கள். தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்று ரெண்டு கட்சியும் ஒரே மேடையில் நின்ற காலம். பெரியார் எழுதிய 'பெண் ஏன் அடிமையானாள்?' கையில் இருக்கிற மண்ணில், அம்பேத்கர் படம் போட்ட பேனரின் கீழே, கற்புக்காகத் துடைப்பம் தூக்கியது எந்த விடுதலை அரசியல்? அன்றைக்கே தலித் எழுத்தாளர்களும் பெண்ணியத் தோழர்களும் கேட்டார்கள். பதில் ஒழுங்காக வரவில்லை.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. 2012 நவம்பர் 7. தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. இளவரசன் என்ற தலித் இளைஞனும் திவ்யா என்ற வன்னியப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தகப்பன் தற்கொலை செய்துகொண்டார். மகள் சேரிக்குப் போனாள் என்ற அவமானத்தை அவர் தலையில் ஏற்றியது ஊர். அவர் சாவுக்குப் பழிவாங்க வந்ததும் ஊர்தான். மூன்று காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. தொடர்ந்து பாமக நிறுவனர் ராமதாஸ் சாதிச் சங்கங்களைக் கூட்டினார். ஜீன்ஸ் பேண்ட், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். 'நாடகக் காதல்' என்ற சொல் ஊரெங்கும் பரவியது. 2013 ஜூலை 4இல் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

'நாடகக் காதல்' என்பது என்ன? தமிழ்நாட்டின் மிகப்பெரிய கிசுகிசு. லட்சுமிகாந்தன் காலத்து அதே உத்தி. பெயர் இல்லை, சாட்சி இல்லை, 'இப்படித்தாம்பா பண்றானுங்க' என்ற பேச்சு மட்டும். மூன்றெழுத்து நடிகைக்குப் பதில் ஜீன்ஸ் போட்ட பையன். சாதி இந்துப் பெண்ணுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, தலித் பையனுக்கு உண்மையான அன்பு கிடையாது என்று ஒரே சொல்லில் ரெண்டு பேரையும் கொன்றுவிடுகிற வாக்கியம். 2015இல் கோகுல்ராஜ். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் சங்கர். அரிவாளுக்கு முன்னால் ஒரு பேச்சு நடந்திருக்கும். 'அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க' என்று யாரோ ஒருவர் யாரிடமோ போய்ச் சொல்லியிருப்பார்கள்.

கற்பு என்ற கத்தியை 2005இல் நாமும் சேர்ந்து தீட்டிக் கொடுத்தோம். ஏழு வருஷத்தில் அது நம் குடிசைக்கே வந்தது. பெண் யாரோடு பழகுகிறாள் என்பது ஊரின் விஷயம் என்று ஒத்துக்கொண்டுவிட்டால், சேரிப் பையனோடு பழகுவதும் ஊரின் விஷயம்தான் என்று ஆகும். நடிகை விஷயத்தில் ஒரு நியாயம், இளவரசன் விஷயத்தில் இன்னொரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது. அகமணத்தை உடைப்போம் என்று சுவரில் எழுதுகிற கை கற்புக்காகத் துடைப்பம் தூக்கக் கூடாது.

'தோழர், எதிரியின் சதியைப் பேசுங்கள், வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள்' என்று சொல்வார்கள். இந்த வாதத்தை நாம் நன்றாக அறிவோம். காங்கிரசு நம்மிடம் சொன்னது, முதலில் சுதந்திரம், சாதி அப்புறம் என்று. இடதுசாரிகள் நம்மிடம் சொன்னார்கள், முதலில் வர்க்கம், சாதி அப்புறம் என்று. இப்போது நாம் நம் பெண்களிடம் சொல்கிறோம், முதலில் சாதி, நீ அப்புறம் என்று. அடிபட்டவர்கள் அடித்தவனின் வசனத்தையே திருப்பிச் சொல்வதற்கு எதற்கு ஒரு இயக்கம்?

இன்று நிலைமை என்ன? கூட்டத்துக்கு ஒரு பெண் வந்து பேசினால் மறுநாள் கைபேசிக் குழுவில் அவள் பேச்சைப் பற்றி ஒரு வரி, அவளைப் பற்றிப் பத்து வரி. யார் வண்டியில் வந்தாள், யார் பணம் கொடுத்தான், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவள் வர மாட்டாள். 'பொம்பளைங்க வர மாட்டேங்கிறாங்க தோழர்' என்று அப்புறம் நாமே அறிக்கை எழுதுவோம். லட்சுமிகாந்தனாவது அச்சகத்துக்குச் செலவு செய்தார். நம்ம பசங்களுக்கு அதுவும் மிச்சம்.

மாற்று இல்லாமல் இல்லை. பத்திரிகை நமக்குப் புதிதல்ல. 1869இல் சூரியோதயம், 1893இல் ரெட்டைமலை சீனிவாசனின் பறையன், 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் ஒரு பைசாத் தமிழன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுவப்பனேசுவரி அம்மாள் 'தமிழ்மாது' என்று பெண்களுக்காகவே பத்திரிகை நடத்தினார். ஒரு தலித் பெண், ஆசிரியர் நாற்காலியில். இந்துநேசனை எண்பது வருஷமாக நினைவு வைத்திருக்கிற தமிழகம் தமிழ்மாதுவை மறந்துபோனது. மறந்தது அவர்கள் மட்டுமா? நம் மாநாட்டு மலர்களில் எத்தனை முறை அந்தப் பெயர் வந்திருக்கிறது? அப்புறம் சிவகாமி எழுதினார். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் பேசுகிறவள் யாருக்கும் கிசுகிசுச் சரக்கல்ல. தன் ஊரையும் தன் உடம்பையும் தன் கோபத்தையும் தானே சொல்கிறாள். கிசுகிசு என்பது ஒரு பெண்ணைப் பற்றி அவள் இல்லாதபோது பேசுவது. அதற்கு மருந்து அவளே எழுந்து பேசுவது. வேறு மருந்து கிடையாது.

ஆகவே மூன்று விஷயம். இயக்கக் குழுக்களில் ஒரு பெண்ணின் சொந்த வாழ்க்கையை இழுத்துப் பேசுகிறவன் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும் குழுவை விட்டு வெளியேற்றப்பட வேண்டும், வெளியேறுகிறவள் அவளாக இருக்கக் கூடாது. 2005 பற்றி இயக்கங்கள் மழுப்பாமல் ஒரு தீர்மானம் போட வேண்டும், அது தவறு என்று. நம் பத்திரிகைகளில் பாதிப் பக்கங்களைப் பெண்களிடம் ஒப்படைக்க வேண்டும். 'மகளிர் பக்கம்' என்று ஓரத்தில் ஒரு மூலை கேட்கவில்லை. எதை எழுதுவது, எதை நிராகரிப்பது என்று முடிவு செய்கிற நாற்காலியைக் கேட்கிறோம்.

முடியாதென்றால் இந்துநேசன் நின்றுபோனது என்று யாரும் சொல்ல வேண்டாம். அலுவலகம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆசிரியர் குழுவில் நம் பெயரும் இருக்கிறது.